சிபேல் பாடும்போது

ஹார்ப்சிகார்டில் கன்டின்யூவோ வாசிக்கிறவனின் தாளில் அதிகம் எதுவும் இருக்காது. பாடகரின் வரி ஒன்று, அதற்குக் கீழே பாஸ் வரி ஒன்று, பாஸ் ஸ்வரங்களை ஒட்டி அங்கங்கே சில எண்கள். எந்த ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டும் என்று அந்த எண்கள் சொல்லும். எத்தனை ஸ்வரங்கள், எந்த ஸ்தாயியில், எவ்வளவு நேரம், ஒன்றாக அழுத்துவதா ஒவ்வொன்றாக உதிர்ப்பதா என்பதைச் சொல்லாது. பல இடங்களில் எண்களும் இருக்காது. ழான்-பத்தீஸ்த் லுல்லியின் 'அத்தீஸ்' ஓபராவில், மூன்றாம் அங்கத்தின் கடைசியில், சிபேல் தேவி பாடும் புலம்பலும் இப்படித்தான் தாளில் கிடக்கிறது. பார்த்தவுடன் வாசித்துவிடலாம் போலிருக்கும். நான் வாசித்த பரோக் இசையில் இதைவிடப் பெரிய பொறுப்பை என் கைகளில் வைத்த பக்கம் வேறில்லை.

கதை ரோமக் கவிஞர் ஓவிட் சொன்னது. 'ஃபாஸ்தி' என்ற நூலின் நான்காம் பகுதியில் அது சுருக்கமாகவும் கொடூரமாகவும் வருகிறது. ஃப்ரிஜியா நாட்டுக் காடுகளில் திரிந்த அத்தீஸ் என்ற அழகான பையன்மேல் சிபேல் என்ற தாய்த்தெய்வம் மனம் வைத்தாள். தன் கோயிலைக் காத்துக்கொண்டு, என்றும் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்று அவனிடம் வாக்கு வாங்கினாள். அவனோ ஒரு நீரணங்கிடம் மனத்தைக் கொடுத்தான். தேவி அந்த அணங்கின் உயிர் ஒட்டியிருந்த மரத்தை வெட்டி அவளைக் கொன்றாள். அத்தீஸுக்குப் பித்துப் பிடித்தது. தன் ஆண்மையைத் தானே அறுத்துக்கொண்டான்.

பதினான்காம் லூயி மன்னரின் அவைக்கு முன்னால் இதை அப்படியே வைக்க முடியாது. ஓபராவின் உரையை எழுதிய பிலிப் கினோ முடிவை மாற்றினார். அத்தீஸ் பித்தின் மயக்கத்தில் தன் காதலி சாங்கரீத்தை ஏதோ மிருகம் என்று நினைத்துக் கொன்றுவிடுகிறான். தெளிந்ததும் தன்னையே குத்திக்கொள்கிறான். தேவி அவனைப் பைன் மரமாக்குகிறாள். இந்த மரக் கதையும் ஓவிட்டிடம் உண்டு, ஆனால் வேறு நூலில். 'மெட்டமார்ஃபசிஸ்' பத்தாம் பகுதியில், மரங்களின் பட்டியல் ஒன்றுக்கு நடுவே போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். கினோ இரண்டையும் சேர்த்துத் தைத்தார்.

அதைவிட நுட்பமான வேலை ஒன்றையும் அவர் செய்தார். ஒருதலைக் காதலை ஒன்றுக்குமேல் ஆக்கினார். ஃப்ரிஜியாவின் அரசன் சேலெனுஸ், சாங்கரீத்தை மணக்கப்போகிறான். அவள் மனம் அவனிடம் இல்லை. சாங்கரீத், அத்தீஸை நேசிக்கிறாள். அவன் யாரையும் நேசிக்காதவன் என்று ஊரே நம்புவதால் அவளும் நம்புகிறாள். அத்தீஸும் அவளைத்தான் நேசிக்கிறான். ஆனால் அரசன் அவனுடைய நண்பன். அதனால் காதலே வேண்டாம் என்று சொல்லித் திரிகிறான். இவர்கள் எல்லாருக்கும் மேலே, வானத்திலிருந்து இறங்கி வரும் தேவிக்கும் அத்தீஸ்மேல்தான் காதல். முதல் அங்கத்திலேயே இளையவர்கள் இருவரும் உண்மையைச் சொல்லிக்கொண்டுவிடுகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து, ரசிகனுக்குத் தெரிந்தது தேவிக்குத் தெரியாது.

1676 ஜனவரி 10 அன்று சென்-ழெர்மன்-ஆன்-லே அரண்மனையில் இது முதலில் மேடையேறியது. அன்றைய முன்னுரைக் காட்சியில் மலர்களின் தேவியான ஃப்ளோரா குளிர்காலத்திலேயே வந்து நிற்கிறாள். வசந்தம்வரை காத்திருந்தால் மன்னர் போருக்குப் போய்விடுவார், பார்க்க முடியாது என்பது அவளுடைய காரணம். அப்போது ஹாலந்துப் போர் நடந்துகொண்டிருந்தது. மன்னருக்கு இந்த ஓபரா அவ்வளவு பிடித்துப்போனது, 'மன்னரின் ஓபரா' என்றே பெயர் விழுந்தது. மதாம் தெ செவின்யே அதே ஆண்டு எழுதிய கடிதம் ஒன்றில் நித்திரைக் காட்சியை வியந்துவிட்டு, ஆனாலும் லுல்லியின் 'அல்செஸ்த்' ஓபராதான் தனக்கு மேல் என்கிறார். அவருடைய அந்தக் கணக்கை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்ததே இல்லை.

லுல்லி ஃப்ளாரன்ஸில் 1632ல் பிறந்தவர், பதின்வயதில் பிரான்சுக்கு வந்தவர். பிரெஞ்சுப் பேச்சைப் பிரெஞ்சுக்காரர்களைவிடக் கூர்மையாகக் கேட்டவர் அவர்தான் என்று நினைக்கிறேன். தன் இசையை நன்றாகப் பாட வேண்டுமானால் நாடகக் கொட்டகைக்குப் போய் ஷான்மெலே பேசுவதைக் கேளுங்கள் என்று அவர் பாடகர்களிடம் சொன்னதாக லெ செர்ஃப் தெ லா வியெவில் பதிவு செய்திருக்கிறார். ஷான்மெலே, ரசீனின் துன்பியல் நாடகங்களில் நாயகியாக நடித்தவர். அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கம்தான் லுல்லியின் ரெசிட்டடிவ். எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையில் பாதிக்குமேல் அதில்தான் கழிகிறது.

ரெசிட்டடிவ் என்றதும் தாளத்தை விட்டு விருத்தம்போலப் பாடுவது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இத்தாலிய ரெசிட்டடிவுக்கு அது ஓரளவு பொருந்தும். லுல்லியுடையது அப்படி இல்லை. அதில் தாளம் உண்டு, ஆனால் அடிக்கடி மாறும். நான்கு எண்ணிக்கையில் ஒரு அளவு, அடுத்தது மூன்று, அதற்கடுத்தது இரண்டு, மறுபடி நான்கு. வேடிக்கைக்காக மாற்றுவதில்லை. கினோவின் அடிகள் நீளத்தில் மாறுபடும். சிலவற்றில் பன்னிரண்டு அசை, சிலவற்றில் எட்டு, சிலவற்றில் அதற்கும் குறைவு. பன்னிரண்டசை அடிக்கு ஆறாவது அசையில் ஒரு நிறுத்தம் உண்டு. அந்த நிறுத்தத்தின் அசையும், அடி முடியும் இயைபின் அசையும், அளவின் முதல் எண்ணிக்கையில் வந்து விழ வேண்டும் என்பது லுல்லியின் வழக்கம். அடி நீண்டால் தாளம் நீள்கிறது, சுருங்கினால் சுருங்குகிறது. செய்யுளை வாய்விட்டுப் படித்தாலே தாளக்குறி எங்கே மாறும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆகவே என் முதல் ஒத்திகை எப்போதும் கருவி இல்லாமல்தான். பாடகரோடு உட்கார்ந்து உரையைப் படிப்பது. பாடாமல், மெல்ல, பிறகு பேசும் வேகத்தில், பிறகு கோபமாக, பிறகு மறைத்துக்கொண்டு. எந்த அசை நீளம், எது குறில்போல ஓடிவிடும் என்பதைப் பற்றிப் பெர்த்ராந்த் தெ பாசியி 1668ல் ஒரு நூலே எழுதினார். அதைப் படித்த பாடகர் ஒரு சொல்லை உச்சரிக்கும்போதே எனக்கு என் கைக்கான வேகம் கிடைத்துவிடும். அந்தக் காலத்து உச்சரிப்பையே பின்பற்றும் குழுக்களும் உண்டு. 'ர்வா' என்று இன்று சொல்லும் 'அரசன்' அதில் 'ர்வே' என்று ஒலிக்கும், சொல்லின் கடைசி மெய்கள் நின்று கேட்கும். அப்போது இயைபுகள் வேறு மாதிரி மோதுகின்றன. மேடையில் எது நல்லது என்று கேட்டால், பாடகர் எதில் உண்மையாகப் பேசுகிறாரோ அது என்பேன்.

சுருதியும் வேறு. இன்றைய இசைக்குழுக்கள் 'ஏ' ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைக்கின்றன. இந்த இசைக்கு நாங்கள் 392ல் வைக்கிறோம், ஏறக்குறைய ஒரு முழு ஸ்வரம் கீழே. அத்தீஸின் குரல் 'ஓத்-கோந்த்ர்' வகை. ஆண்குரலின் மிக உயர்ந்த எல்லையில், பொய்க்குரலுக்குப் போகாமல் பாடுவது. 440ல் அவன் கத்த வேண்டியிருக்கும். 392ல் அவனால் பேச முடியும். இரகசியத்தை மறைக்கும் ஒருவன் கத்திக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள்?

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் சிபேலின் புலம்பல் புரியாது. லுல்லியின் இசைக்குழு ஐந்து பகுதிகள் கொண்டது. மேலே வயலின்கள், கீழே பாஸ் வயலின்கள், நடுவில் வெவ்வேறு அளவிலான மூன்று வகை வியோலாக்கள். மன்னரின் இருபத்து நால்வர் குழுவில் மேலே ஆறு பேர், கீழே ஆறு பேர், நடுப் பகுதிகளுக்குத் தலா நால்வர். இந்தப் பெரிய குழுவுக்கு வெளியே சிறிய குழு ஒன்று உண்டு. ஹார்ப்சிகார்ட், தியோர்போ, பாஸ் வியோல் முதலியவை. பாடகரோடு இருப்பவர்கள் நாங்கள். நடனங்களிலும் வெறும் வாத்தியப் பகுதிகளிலும் ஹார்ப்சிகார்ட் வாசிக்கவில்லை என்று கிரஹாம் சாட்லர் 1980ல் எழுதிய ஆய்வில் வாதிட்டார். அதற்கு முன்னால் எல்லா இடத்திலும் தட்டிக்கொண்டிருப்பது வழக்கமாக இருந்தது. இன்னும் சில குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன.

நான் சாட்லரின் பக்கம். வரலாற்றுக் காரணத்தைவிட, வாசித்துப் பார்த்ததில் காதுக்குக் கிடைத்த காரணம் பெரிது. நடனம் முழுக்க நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தால், நடனம் முடிந்து என் முதல் தந்தி ஒலிக்கும்போது அரங்கமே திரும்பிப் பார்க்கிறது. யாரோ பேசப்போகிறார் என்பதற்கு அந்த ஒலி அடையாளமாகிவிடுகிறது. பெரிய குழு உலகத்தின் ஒலி: சடங்கு, படை, கோயில், ஆறு, காற்று. சிறிய குழு மனிதர் வாயைத் திறக்கும் ஒலி. இந்தப் பிரிவைக் காப்பாற்றுகிற இசைக்குழுவில்தான் சிபேலுக்கு என்ன நேர்கிறது என்பது கேட்கும்.

அவள் முதல் அங்கத்தின் முடிவில் இறங்கி வருகிறாள். தன் கோயிலுக்கு வரச்சொல்கிறாள், புதிய ஊக்கத்தோடு வழிபடச் சொல்கிறாள். அவள் சொல்லி முடித்ததும் ஊரே அதே சொற்களைத் திருப்பிப் பாடுகிறது. 'நீங்கள்' என்று அவள் சொன்ன இடத்தில் 'நாங்கள்' என்று மாற்றி, முழு இசைக்குழுவோடு. ஒரு தெய்வத்தின் அதிகாரத்தைக் காட்ட இதைவிட நேரான வழி இல்லை. அவள் வாயிலிருந்து எது வந்தாலும் அதற்கு ஐந்து பகுதிகளில் பதில் வருகிறது. நாங்கள் அங்கே கூட்டத்தில் கரைந்துவிடுகிறோம்.

அதற்குச் சற்று முன்பு சாங்கரீத் பாடும் சிறு பாடலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அத்தீஸ் எவ்வளவு பாக்கியசாலி, யாரையும் நேசிக்காமல் நிம்மதியாக இருக்கிறான் என்று தன் தோழி தோரிஸிடம் ஆதங்கப்படுகிறாள். கீழே பாஸ் நான்கு படி இறங்குகிறது. மறுபடி மேலிருந்து அதே நான்கு படி. பதினேழாம் நூற்றாண்டுக் காதுக்கு இந்த இறக்கம் புலம்பலின் அடையாளம். வெனிஸிலிருந்து வந்த பழக்கம் அது. அவள் சொற்களில் அழுகை இல்லை, பொறாமைதான் தெரிகிறது. அழுகையைப் பாஸ் செய்கிறது. இளம் வாசிப்பாளர்கள் இந்த இறக்கத்தைக் கண்டுகொண்டதும் உற்சாகமாகி ஒவ்வொரு படியையும் கனமாக அழுத்துவார்கள். அப்படி அழுத்தினால் அவள் மறைப்பதை நாம் காட்டிக்கொடுத்துவிடுகிறோம். நான் அங்கே பாஸ் வியோல்காரரிடம் வரியைக் கொடுத்துவிட்டு, வலது கையில் இரண்டு ஸ்வரங்களுக்குமேல் வைப்பதில்லை.

இரண்டாம் அங்கத்தில் தேவி அத்தீஸைத் தன் தலைமைப் பூசாரியாகத் தேர்ந்தெடுக்கிறாள். அந்தப் பதவியை அரசன் எதிர்பார்த்திருந்தான். பிறகு தன் தோழி மெலீஸிடம் உண்மையைச் சொல்கிறாள். தான் இறங்கி வந்ததே அவனுக்காகத்தான். ஆனால் அதை நேரில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நித்திரையின் கடவுளை அழைத்து, கனவுகள் வழியே சொல்லி அனுப்புகிறாள். எல்லா வல்லமையும் உள்ள ஒருத்தி, ஒரு பூசாரியின் முன்னால் நின்று பேச முடியாமல் தூக்கத்தைத் தூதனுப்புவதை நினைத்துப் பார்த்தால், கினோ எவ்வளவு பெரிய கலைஞர் என்பது விளங்கும்.

அதன் விளைவுதான் மூன்றாம் அங்கத்தின் நித்திரைக் காட்சி. லுல்லியின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலரும் கேட்டிருப்பது இதை மட்டும்தான். ரிக்கார்டர் குழல்களும் தந்திகளும் மாறி மாறி, அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கே நகர்ந்து, மூச்சு ஏறி இறங்குவதுபோல் போகும் இசை. முதல் நிகழ்ச்சியில் கனவுகளாக வேடமிட்ட வாத்தியக்காரர்களே குழலும் வியோலும் தியோர்போவும் ஏந்தி மேடைக்கு வந்தார்கள். நித்திரையும் மார்ஃபியூஸும் ஃபோபேத்தரும் ஃபாந்தாஸும் பாடுகிறார்கள். நல்ல கனவுகள் தேவியின் காதலைச் சொல்கின்றன. கெட்ட கனவுகள் வந்து, அதை ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்று மிரட்டுகின்றன. அந்தப் பிற்பகுதியை மென்மையாகவே வாசித்துக் கடந்துபோகும் நிகழ்ச்சிகளை நான் கேட்டிருக்கிறேன். மிகப் பெரிய நஷ்டம். தேவியின் அன்புக்குள்ளேயே மிரட்டலும் இருக்கிறது என்பது அங்கேதான் முதலில் தெரியவருகிறது.

அரசவை ஹார்ப்சிகார்ட் வித்வான் தாங்கிளேபேர் இந்த நல்ல கனவுகளின் இசையைத் தன் கருவிக்கு மாற்றி எழுதி, 1689ல் வெளியிட்ட நூலில் சேர்த்தார். 'அத்தீஸ்' ஓபராவின் முழு இசைப் பிரதியைப் பலார் அச்சகம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். லுல்லி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாங்கிளேபேரின் நூல் என் கருவிப் பெட்டியில் எப்போதும் இருக்கும். அதன் கடைசியில் கன்டின்யூவோ வாசிப்பதற்கான சிறு பாடம் ஒன்றும், தொடக்கத்தில் இருபத்தொன்பது அலங்காரங்களின் அட்டவணையும் உண்டு. ஹார்ப்சிகார்டில் ஒரு ஸ்வரத்தை அழுத்தியபின் அதை வளர்க்கவோ குறைக்கவோ முடியாது. ஐந்து பகுதி இசைக்குழுவின் மூச்சை அப்படிப்பட்ட கருவியில் அவர் எப்படிக் கொண்டுவருகிறார் என்று விரலால் கற்றுக்கொள்ளலாம். ஸ்வரங்களை ஒன்றாக விழவிடாமல் சற்றுச் சற்று முன்பின்னாக விழவைக்கிறார். விரல்களைச் சீக்கிரம் எடுப்பதில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஒலித்து ஓய விடுகிறார். அந்த ஒரு பாடம் இல்லாமல் சிபேலின் பக்கத்தை என்னால் வாசித்திருக்க முடியாது.

அத்தீஸ் விழிக்கிறான். தேவி எதிரில் நிற்கிறாள். இப்போது நேரிலேயே சொல்கிறாள். அவன் பதில் சொல்கிறான், அழகாகத்தான் சொல்கிறான். நன்றி, பணிவு, பக்தி, கடமை எல்லாம் இருக்கிறது. இந்த இடத்தில் என் வேலை, அவன் சொற்களுக்குக் கீழே முழுமையான, நேரான, சுத்தமான இசைவுகளை வைப்பது. சபையில் குனிந்து வணங்குகிறவனின் முதுகுபோல அது குறையில்லாமல் இருக்க வேண்டும். ஸ்வரங்களை உதிர்ப்பதில்லை, தாமதிப்பதில்லை, அலங்காரம் இல்லை. தேவியின் வரிகளில் மட்டும் கையைத் தளர்த்துகிறேன், ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து நிற்கவிடுகிறேன். இருவருக்கும் ஒரே கருவி, ஒரே வாசிப்பாளன். ஆனாலும் ஒருவர் நெருங்கி வருவதும் மற்றவர் மரியாதையோடு விலகி நிற்பதும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு சாங்கரீத் ஓடி வந்து தேவியின் காலில் விழுகிறாள், இந்தத் திருமணத்திலிருந்து காப்பாற்று என்கிறாள். உண்மை வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் அத்தீஸ் குறுக்கே பேசுகிறான். அவர்கள் போனபின் தேவிக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. மெலீஸ் ஆறுதல் சொல்லப் பார்க்கிறாள். அந்த ஆறுதல் எட்டவில்லை. அதன்பின் அந்தப் பாடல்.

அதில் ஒரு பல்லவி உண்டு. தன்னை ஏமாற்றிய நம்பிக்கையை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் வரி. நடுவில் வேறு எண்ணங்கள் வருகின்றன. வானத்தை விட்டு இறங்கினேன், எத்தனை பேர் என்னை வணங்குகிறார்கள் என்று யோசிக்கிறாள். திரும்பவும் அதே கேள்விக்கு வந்துவிடுகிறாள். அந்தக் குரலுக்குக் கீழே எங்கள் சிறிய குழு மட்டும்தான். முதல் அங்கத்தில் அவள் ஒரு சொல் சொன்னதும் ஊரே திருப்பிப் பாடியது. சற்றுமுன் நித்திரைக் காட்சியில் அவள் கட்டளைக்குக் குழலும் தந்தியும் பணிந்தன. இங்கே அவள் கேட்கிறாள், யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் இல்லாத இடத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் நாங்கள்.

அந்த இடத்தை நிரப்பத்தான் கை துடிக்கும். அடி முடிந்து குரல் ஓய்ந்ததும் வலது கையில் ஒரு சின்னப் பதில், ஒரு இனிய சுழற்சி வைக்கலாம். ஹார்ப்சிகார்ட் வாசிப்பாளர்களுக்கு அது பழகிய காரியம், வேறு பாடல்களில் அது தேவையும்கூட. சிபேலுக்கு அதைச் செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நான் பதில் சொன்னால் அவளுக்குத் துணை கிடைத்துவிடுகிறது. கேள்வி முடிந்த பிறகு பாஸ் ஸ்வரத்தை மட்டும் பாஸ் வியோல் பிடித்துக்கொண்டிருக்க, என் தந்திகள் தாமாக ஓய வேண்டும். அடுத்த அடியைப் பாடகி எடுக்கும்வரை அரங்கத்தில் இருப்பவர்கள் அந்த ஓய்வில் நிற்க வேண்டும்.

பல்லவி திரும்பி வரும்போது என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. சொல் மாறவில்லை, ஸ்வரமும் மாறவில்லை. பிரெஞ்சு மரபில் திரும்ப வரும் பகுதியைப் பாடகர்கள் அலங்கரித்துப் பாடுவதுண்டு. லுல்லியின் மாமனார் மிஷேல் லாம்பேர் அந்தக் கலையில் பெரிய ஆசான். ஆனால் மேடையில் நாடகம் நடக்கும்போது அலங்காரம் மிகுவதை லுல்லி விரும்பவில்லை. என்னோடு வாசித்த மெஸ்ஸோ பாடகி ஒருவர் ஒத்திகையில் என்னிடம், "நான் ஒன்றும் சேர்க்கப்போவதில்லை, நீங்கள் குறைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதுதான் என் முறை. முதல் முறை நான்கு ஸ்வரங்கள் வைத்த இடத்தில் அடுத்த முறை மூன்று, கடைசி முறை இரண்டு, பெரும்பாலும் வெறும் பாஸும் மூன்றாம் ஸ்வரமும். மீன்டோன் முறையில் சுருதி கூட்டிய கருவியில் அந்த மூன்றாம் ஸ்வரம் அலைவே இல்லாமல் அசையாது நிற்கும். அவள் தனிமையில் இன்னும் ஒரு படி உள்ளே போயிருக்கிறாள் என்பதை அந்த ஒல்லியான ஒலி சொல்லிவிடும்.

இந்த ஓபரா இன்று மேடையில் இருப்பதற்கு 1987 ஒரு காரணம். லுல்லி இறந்து முந்நூறு ஆண்டு நிறைந்த அந்த வருடம், வில்லியம் கிறிஸ்டி தன் 'லே ஸார் ஃப்ளோரிஸ்ஸான்' குழுவோடு, ழான்-மரி வில்லெழியேயின் இயக்கத்தில் இதைப் பாரிஸின் ஓபரா-கோமிக் அரங்குக்குக் கொண்டுவந்தார். வில்லெழியே வானத்திலிருந்து இறங்கும் தேரையும் பறக்கும் கடவுள்களையும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் லூயி மன்னரின் மாளிகையில் ஒரே கூடத்தில் நடக்கவைத்தார். தெய்வம் என்றால் அரசவையில் இருக்கும் பெரிய மனுஷி. அற்புதங்கள் போனதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு, இறங்கி வருவது இந்தக் கதையில் வெறும் அலங்காரம் இல்லை. ஆனால் பேச்சு அவ்வளவு தெளிவாகக் கேட்ட லுல்லி அதற்குமுன் இல்லை. குய்மெத் லாரான்ஸ் சிபேலாகப் பாடிய அந்தக் காலத்து ஒலிப்பதிவை நான் இன்றும் மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். அந்தத் தயாரிப்பை மறக்க முடியாத ரொனால்ட் ஸ்டான்டன் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் செலவை ஏற்க முன்வந்ததால் 2011ல் அது மறுபடி மேடையேறியது. அதில் சிபேல் ஸ்தெஃபனி தூஸ்ட்ராக். 2022ல் ஜெனீவாவில் லியோனார்தோ கார்சியா அலார்கோன் இசை நடத்த, நடன இயக்குநர் ஆஞ்செலான் ப்ரெல்ஜொகாஜ் வேறு விதமாக, பாடகர்களின் உடம்பையே அசையவைத்துச் செய்தார். ஒரு படைப்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு இப்படி எதிரெதிர் வழிகளில் அதைச் செய்ய முடிவது போதும்.

நான்காம் அங்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சாங்கரீத்தின் தந்தையான நதிக் கடவுளின் மாளிகையில் கல்யாணக் கொண்டாட்டம், காதலர் ஊடல், சமாதானம். பூசாரி என்ற அதிகாரத்தால் அத்தீஸ் திருமணத்தைத் தடுத்துவிட்டு அவளோடு போய்விடுகிறான். தேவி கொடுத்த பதவியை வைத்தே தேவியை ஏமாற்றுகிறான் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் அங்கத்தில் சிபேல் பழிவாங்குகிறாள். பாதாளத்திலிருந்து அலெக்தோ என்ற சினதேவதையை அழைத்து அத்தீஸின் புத்தியைப் பறிக்கச் சொல்கிறாள். அழைத்ததும் வருகிறாள். சிபேல் கேட்டது எதுவும் இந்த ஓபராவில் மறுக்கப்படவில்லை. நித்திரை வந்தது, கனவு வந்தது, பித்து வந்தது, சாவு வந்தது. ஒன்றைத் தவிர எல்லாம் வந்தது. அத்தீஸ் தெளிந்து, தான் செய்ததை அறிந்துகொள்ளும் இடத்தில் நான் மறுபடி கையைச் சுருக்கிக்கொள்கிறேன். அங்கே அவன் முதல்முறையாகப் பணிவை விட்டுத் தேவியிடம் நேராகப் பேசுகிறான், அவள் கொடுமையை முகத்துக்கு நேரே சொல்கிறான். மூன்றாம் அங்கத்தில் அவன் சொற்களுக்குக் கீழே வைத்த நேரான இசைவுகள் இனிச் செல்லாது. இங்கே அவனுக்கும் ஸ்வரங்களை உதிர்க்கிறேன். அவளிடம் உண்மையாக இருக்க அவனுக்கு முடிந்தது இந்த வெறுப்பில் மட்டும்தான், ஆகவே அவள் பாடியபோது இருந்த அதே கை அவனுக்கும் வேண்டும்.

அவன் தன்னைக் குத்திக்கொண்டு மரமானபின், சிபேல் நீரணங்குகளையும் தன் கோரிபாந்த் பூசாரிகளையும் அழைக்கிறாள், என்னோடு சேர்ந்து அழுங்கள் என்கிறாள். அவர்கள் அழுகிறார்கள். அவள் ஒரு வரி சொன்னால் கோஷ்டி எடுத்துக்கொள்கிறது. முதல் அங்கத்தில் போலவே பெரிய இசைக்குழு முழுவதும் அவளுக்குப் பதில் சொல்கிறது. மிக அழகான இசை அது, ஒரு பக்கம் துக்கமும் மறுபக்கம் ஆவேசமும் மாறி மாறி வரும். இசை நடத்துபவர்கள் சிலர் அங்கே ஹார்ப்சிகார்டும் சேர்ந்தால் ஒலி நிறையும் என்று கேட்பார்கள். கோஷ்டிக்கு வாசிக்கிறேன், ஆனால் சிபேலின் தனி வரிகளில் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கிறேன். அவள் எதிர்பார்த்த பதில் இந்த கோஷ்டியில் இல்லை, அதை நான் சேர்த்துக் கொடுக்க மாட்டேன்.